பிடிச்ச எழுத்தாளரோட விக்கிப் பக்கத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகருக்கு பதில் சொல்லும்போது, திகில் கதையும் சயின்ஸ் ஃபிக்‌ஷனும் எழுதறவங்களைப் பத்தி விக்கிப்பீடியாவுல இருக்கற பக்கங்கள் பல ரொம்ப ஏனோதானோன்னு இருக்கு, படிச்சவங்க போய் சரி பண்ணுங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. கோவம், ஆதங்கம், சந்தேகம் எல்லாம் கலந்து வந்திருக்கு. அதனால இந்தத் தடவை வேற விஷயமே இல்லாம முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: எனக்கு உயிரா பிடிச்ச ஒரு திகில் எழுத்தாளர், இப்பவும் எழுதிட்டிருக்கார். அவர் எழுதின ஒண்ணு விடாம படிச்சிருக்கேன், சிலதை மூணு தடவை. அவரோட பக்கம் வெறும் ஆறு வரியா கிடந்துச்சு. ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து பதினாலு பத்தி எழுதிச் சேர்த்தேன். காலைல பார்த்தா பழைய ஆறு வரிதான் இருக்கு. திரும்பப் போட்டேன், திரும்ப எடுத்துட்டாங்க. நான் எழுதினதுல ஒரு தப்பு கூட கிடையாது. எழுதினதை உங்களுக்கும் அனுப்பியிருக்கேன், படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

பதில்: முதல்ல ஒரு ஆறுதல், நீங்க எழுதினது எதுவும் அழிஞ்சு போகல. பக்கத்துக்கு மேல வரலாறுன்னு ஒரு பட்டன் இருக்கும், அதைத் தட்டினா யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு வரிசையா வரும், உங்க பதினாலு பத்தியும் அப்படியே அங்க இருக்கும், எடுத்து வச்சுக்கலாம்.

நீங்க அனுப்பினதை ரெண்டு தடவை படிச்சேன். நல்லா எழுதறீங்க, அந்த எழுத்தாளரை எவ்வளவு நேசிக்கறீங்கன்னு ஒவ்வொரு வரியிலும் தெரியுது. தப்பு இல்லன்னு சொல்றீங்க, நம்பறேன். ஆனா அங்க கேக்கற கேள்வி இது உண்மையாங்கறது இல்ல, இது உண்மைதான்னு படிக்கறவர் எங்க போய் சரிபார்க்கறதுங்கறதுதான். புதுசா வர்ற நல்லவங்க எல்லாரும் இந்த இடத்துலதான் அடிபடறாங்க, நானும் பட்டிருக்கேன், ஆரம்பத்துல ஒரு வாரம் உழைச்சு எழுதின ஒரு பகுதி முழுசா நீக்கப்பட்டப்ப இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு நினைச்சேன், அப்புறம் நீக்கினவர் சொன்ன காரணத்தை மறுநாள் பொறுமையா படிச்சப்பதான் அவர் கேட்டது நியாயம்னு புரிஞ்சுது.

உங்க மூணாவது பத்தில "பயத்தை இவர் மாதிரி எழுத இன்னொருத்தர் பிறந்துதான் வரணும்"னு இருக்கு. இது யாரோட கருத்து? உங்களோடது. உங்க கருத்து சரியாவே இருக்கலாம், ஆனா கலைக்களஞ்சியத்துக்குன்னு சொந்தமா ஒரு ரசனை கிடையாது. இதையே ஒரு விமர்சகர் ஒரு இதழ்ல எழுதியிருந்தா, இன்னார் இன்ன இதழ்ல இப்படிச் சொல்றார்னு இதழோட வருஷம், பக்கம் எல்லாம் குடுத்து எழுதலாம், அப்ப யாரும் தொட மாட்டாங்க. ஏழாவது பத்தில அவரோட கதைகள்ல திரும்பத் திரும்ப வர்ற மூடின கதவுக்கும் அவர் சின்ன வயசுல அப்பாவை இழந்ததுக்கும் ஒரு தொடர்பு சொல்றீங்க. மனசார சொல்றேன், அது அருமையான கவனிப்பு. அதை ஒரு கட்டுரையா விரிச்சு ஒரு பத்திரிகைக்கு அனுப்புங்க. ஆனா விக்கில அதுக்குப் பேர் சொந்த ஆய்வு, வேற யாரும் வெளியிடாத ஒரு முடிவை முதல் முதலா அங்க எழுத முடியாது.

இன்னொரு முக்கியமான விஷயம், அவர் உயிரோட இருக்கறவர். வாழற மனுஷங்களைப் பத்தின பக்கத்துல கெடுபிடி ரொம்ப அதிகம், அதுக்குக் காரணம் இருக்கு. 2005ல ஜான் சீகன்தாலர்ங்கற அமெரிக்கப் பத்திரிகையாளரோட பக்கத்துல, கென்னடி சகோதரர்கள் கொலைல இவருக்குத் தொடர்பு இருக்கலாம்னு சந்தேகப்பட்டாங்கன்னு யாரோ ஒருத்தர் பொய்யா எழுதிட்டார், நாலு மாசம் அது அப்படியே கிடந்துச்சு. அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதுக்கு அப்புறம்தான் உயிரோட இருக்கறவங்களைப் பத்தி சான்று இல்லாத, அவங்களுக்குப் பாதிப்பு வரக்கூடிய எந்த வரியையும் காத்திருக்காம உடனே எடுத்துடலாம்ங்கற அளவுக்கு விதி இறுகுச்சு. நீங்க அவரோட விவாகரத்து பத்தி எழுதின பத்தி நல்ல மனசோட எழுதினதுதான், ஆனா அதுக்கு ஆதாரம் ஒரு ஃபேன் போட்ட பதிவு மட்டும்தான். அது போனது சரிதான்.

இப்ப என்ன பண்ணலாம்னா, தயவு செஞ்சு மூணாவது தடவை திரும்பப் போடாதீங்க. ஆங்கில விக்கில 24 மணி நேரத்துல மூணு தடவைக்கு மேல ஒரே பக்கத்துல அடுத்தவர் மாத்தினதைத் திருப்பி மீளமைச்சா கணக்கையே தடை பண்ணலாம், எண்ணிக்கை வராட்டியும் அந்த இழுபறியால யாருக்கும் லாபம் இல்ல. உரையாடல் பக்கம்னு ஒண்ணு இருக்கு, அங்க போய் நான் இதைச் சேர்த்தேன், எந்த வரிக்கு என்ன சான்று வேணும்னு கேளுங்க. பதினாலு பத்தியையும் உங்க மணல்தொட்டில, அதாவது நீங்க எழுதிப் பார்க்கறதுக்குன்னு இருக்கற பக்கத்துல, போட்டு வச்சுக்கிட்டு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல இது எனக்கு எப்படித் தெரியும்னு எழுதிப் பாருங்க. பதில் "ஒரு பேட்டில படிச்சேன்"னா அந்தப் பேட்டியைத் தேடி எடுங்க. பதில் "எல்லாருக்கும் தெரியும்"னா அந்த வரியைத் தள்ளி வைங்க. இப்படிச் சலிச்சா உங்க பதினாலுல ஒரு அஞ்சு பத்தி தேறும்னு நான் நினைக்கறேன், அந்த அஞ்சும் யார் வந்தாலும் அசையாது. ஒரே நாள்ல எல்லாத்தையும் கொட்டாம, ஒரு பத்தி, அதோட சான்று, தொகுப்புச் சுருக்கத்துல என்ன பண்ணினீங்கன்னு ஒரு வரி, இப்படிப் போடுங்க.

கேள்வி: ஒரு எழுத்தாளரே அவரோட பக்கத்துல இருக்கறது தப்புன்னு சொன்னா கூட ஏத்துக்க மாட்டாங்களாமே, இது என்ன அநியாயம்? எழுதினவரை விட வேற யாருக்குத் தெரியும்?

பதில்: அமெரிக்க நாவலாசிரியர் ஃபிலிப் ராத் விஷயத்தைத்தான் கேக்கறீங்கன்னு நினைக்கறேன். அவர் திகில் எழுத்தாளர் இல்லன்னாலும் இந்தக் கேள்விக்கு அதை விட நல்ல உதாரணம் கிடையாது. அவரோட ஒரு நாவல்ல வர்ற கதாபாத்திரம் ஒரு குறிப்பிட்ட நிஜ மனுஷரை வச்சு எழுதினதுன்னு விக்கில இருந்துச்சு, அவர் இல்லன்னு சொன்னார், உங்க வார்த்தை மட்டும் போதாது, வேற சான்று வேணும்னு பதில் வந்துச்சு. 2012 செப்டம்பர்ல அவர் நியூ யார்க்கர் பத்திரிகைல நீளமா ஒரு திறந்த கடிதம் எழுதினார், அந்தக் கடிதமே சான்றா ஆயிடுச்சு, பக்கமும் மாறுச்சு.

கேக்கறதுக்கு அநியாயமாத்தான் இருக்கு, ஒரு பெரிய பத்திரிகைல எழுத வாய்ப்பு இல்லாத எழுத்தாளர் என்ன பண்ணுவார்னு எனக்கும் வருத்தம் உண்டு. ஆனா மறுபக்கத்தையும் பாருங்க, நான்தான் அந்த எழுத்தாளர்னு சொல்லிக்கிட்டு ஒரு கணக்குல வர்றவர் நிஜமாவே அவர்தான்னு எப்படித் தெரியும்? அதோட எழுத்தாளர்களும் மனுஷங்கதான், முப்பது வருஷம் முன்னாடி ஒரு பேட்டில ஒண்ணு சொல்லியிருப்பாங்க, இப்ப வேற சொல்வாங்க. ரெண்டையும் தேதியோட எழுதறதுதான் நேர்மை. பெரிய பத்திரிகைதான் வேணும்னும் இல்ல, அவரோட சொந்த இணையதளத்துல தன்னைப் பத்தி எழுதற சாதாரண விவரங்களை, அதாவது படிச்ச படிப்பு, எப்ப எழுத ஆரம்பிச்சார் மாதிரியானதை, சான்றா எடுத்துக்க விதியிலேயே இடம் இருக்கு. தன்னைத் தானே உயர்த்திச் சொல்றதுக்கும் அடுத்தவங்களைப் பத்திச் சொல்றதுக்கும்தான் அது செல்லாது.

கேள்வி: அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் பத்தி தமிழ்ல ஒரு நல்ல பக்கம் எழுதணும்னு ஆசை. ஆனா ஒரு இடத்துல ஒரு கதைக்கு 1926னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 1928. அவர் பேர்ல வந்த கதைகள்ல சிலது அவர் எழுதினதே இல்லங்கறாங்க. எதைத்தான் நம்பறது?

பதில்: இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா இந்த மாதிரி எழுத்தாளர்களோட பக்கங்கள் கெட்டுப் போறதே இங்கதான். இவங்க எழுதினது எல்லாம் மலிவுத் தாள்ல அச்சான மாத இதழ்கள்ல வந்துச்சு, அந்த இதழ்களை யாரும் பத்திரமா வைக்கல, செத்து பல வருஷம் கழிச்சுதான் மதிப்பு வந்துச்சு, அதுக்குள்ள பாதி விவரம் வாய்வழிக் கதையா மாறிடுச்சு. லவ்கிராஃப்ட் 1890ல பிறந்து 1937ல இறந்தார், உயிரோட இருந்த காலத்துல ஒரு கடைல வாங்கற மாதிரி புத்தகமா வந்தது ஒண்ணே ஒண்ணு, 1936ல, அதுவும் சுமார் 200 பிரதிதான் பைண்ட் ஆச்சு. அவரோட நண்பர்கள் ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரெயும் 1939ல ஆர்க்கம் ஹவுஸ்னு ஒரு பதிப்பகமே ஆரம்பிச்சு அவரைக் காப்பாத்தினாங்க.

உங்க 1926, 1928 குழப்பம் "தி கால் ஆஃப் கதுலு"ங்கற கதையைப் பத்தினதா இருக்கும். ரெண்டுமே சரிதான். எழுதினது 1926, வியர்ட் டேல்ஸ் இதழ்ல வந்தது 1928 பிப்ரவரி. அட்டவணை போடும்போது எழுதின வருஷத்துக்கு ஒரு கட்டம், வெளியான வருஷத்துக்கு ஒரு கட்டம்னு பிரிச்சுடுங்க, பாதிச் சண்டை அங்கயே தீந்துடும். அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு, அந்தக் கால இதழ்கள்ல அட்டைல போட்டிருக்கற மாசத்துக்கு முன்னாடியே இதழ் கடைக்கு வந்துடும். அதனால 1928 பிப்ரவரில வெளிவந்ததுன்னு எழுதாதீங்க, 1928 பிப்ரவரி இதழ்ல வந்ததுன்னு எழுதுங்க. சின்ன வித்தியாசம்தான், ஆனா அது பொய் சொல்லாது.

யார் எழுதினதுங்கற விஷயம் இன்னும் சிக்கல். 1924ல வியர்ட் டேல்ஸ்ல மேஜிக் நிபுணர் ஹாரி ஹூடினி பேர்ல எகிப்து பிரமிடுகளுக்கு அடியில நடக்கற ஒரு கதை வந்துச்சு, எழுதினது லவ்கிராஃப்ட். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவர் செத்த அப்புறம் டெர்லெத் அவர் விட்டுட்டுப் போன துண்டுக் குறிப்புகளை வச்சு முழு நாவல், கதைன்னு எழுதி ரெண்டு பேர் பேரையும் போட்டு வெளியிட்டார், 1945ல வந்த நாவல்ல பெரும்பகுதி டெர்லெத்தோட எழுத்துதான். இதையும் லவ்கிராஃப்ட் நாவல்னு சேர்த்து எழுதின பட்டியல்களை நான் நிறைய பார்த்திருக்கேன். லவ்கிராஃப்டோட கதை உலகத்துக்கு கதுலு தொன்மம்னு மொத்தமா ஒரு பேர் வச்சதும் டெர்லெத்தான், லவ்கிராஃப்ட் இல்ல.

எல்லாத்தையும் விட எனக்கு முக்கியமாப் படறது ஒரு மேற்கோள். என் கதைகள் எல்லாமே, முன்னாடி ஒரு காலத்துல பூமியை ஆண்டு, கருப்பு மந்திரத்தைப் பழகினதால விரட்டப்பட்ட ஒரு இனத்தைப் பத்தினதுங்கற அர்த்தத்துல லவ்கிராஃப்ட் சொன்னதா ஒரு வாக்கியம் பல வருஷம் எல்லாரும் எடுத்துப் போட்டாங்க. அது அவர் எழுதினதே இல்ல. அவரோட கொஞ்ச நாள் கடிதத் தொடர்புல இருந்த ஹரால்ட் ஃபார்னீஸ்ங்கற இசையமைப்பாளர், லவ்கிராஃப்ட் செத்ததுக்கு அப்புறம் டெர்லெத்துக்குத் தன் ஞாபகத்துல இருந்து சொன்னது. டெர்லெத் அதை நம்பிப் பரப்பினார், மத்தவங்க டெர்லெத்தை நம்பிப் பரப்பினாங்க, அந்த வாக்கியத்தை வச்சே அவரோட மொத்தப் படைப்பையும் தப்பா விளக்கினாங்க. லவ்கிராஃப்டோட பிரபஞ்சத்துல நல்லது கெட்டதுன்னு ஒரு யுத்தமே கிடையாது, மனுஷனைப் பத்தி அக்கறையே இல்லாத ஒரு வெளிதான் இருக்கு, ஆனா அந்த ஒரு பொய் மேற்கோளால அவர் என்னமோ சாத்தான் கதை எழுதினவர் மாதிரி ஆயிட்டார். அதனால ஒரு மேற்கோளைப் போடறதுக்கு முன்னாடி இது எந்தக் கடிதம், எந்தத் தேதி, யாருக்கு எழுதினதுன்னு கேளுங்க. அவர் ஆயிரக்கணக்கான கடிதம் எழுதினவர், நிறைய அச்சுல இருக்கு, உண்மையான வாக்கியம்னா இடம் சொல்ல முடியும்.

எங்க தேடறதுன்னா, ஐஎஸ்எஃப்டிபின்னு சொல்ற சயின்ஸ் ஃபிக்‌ஷன் தரவுத்தளம் 1995ல இருந்து இருக்கு, எந்தக் கதை எந்த இதழ்ல எந்தப் பக்கத்துல வந்துச்சுன்னு அங்க பார்க்கலாம். ஆனா அது தன்னார்வலர்கள் சேர்க்கறது, அதனால தேடறதுக்கு வழிகாட்டியா வச்சுக்கோங்க, கடைசிச் சான்றா வைக்காதீங்க. 1979ல பீட்டர் நிக்கல்ஸ் தலைமைல முதல் பதிப்பு வந்த அறிவியல் புனைகதைக் கலைக்களஞ்சியம் 2011ல இருந்து இணையத்துல இலவசமா இருக்கு, அதை நேரா மேற்கோள் காட்டலாம். பழைய இதழ்கள்ல நிறைய இணைய ஆவணக் காப்பகத்துல ஸ்கேன் பண்ணிக் கிடக்கு, முடிஞ்சா இதழோட பொருளடக்கத்தை உங்க கண்ணால ஒரு தடவை பார்த்துட்டு எழுதுங்க.

கேள்வி: ஒரு எழுத்தாளர் புனைபெயர்ல எழுதறார். அவர் யாருன்னு ஒரு அரசுப் பதிவேட்டைப் பார்த்து நானே கண்டுபிடிச்சுட்டேன். விக்கில போடலாமா?

பதில்: வேண்டாம். ரிச்சர்ட் பாக்மன்ங்கற பேர்ல நாவல் எழுதினது யாருன்னு தெரிஞ்சது எப்படின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஒரு புத்தகக்கடை ஊழியர் நடையை வச்சு சந்தேகப்பட்டு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துல காப்பிரைட் ஆவணங்களைத் தேடி, ஒண்ணுல ஸ்டீபன் கிங் பேரைப் பார்த்தார். நீங்க பண்ணின அதே வேலை. ஆனா அவர் அதை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் சொல்லல, முதல்ல எழுத்தாளர் தரப்புக்குக் கடிதம் எழுதினார், கிங்கே போன் பண்ணிப் பேசினார், அப்புறம்தான் 1985ல பத்திரிகைல வந்துச்சு. பத்திரிகைல வந்த அப்புறம் அது கலைக்களஞ்சியத்துக்கு உரிய தகவல். அதுக்கு முன்னாடி அது ஒரு மனுஷரோட தனிப்பட்ட விஷயம். ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர்ங்கற ஆம்பளைப் பேர்ல அறிவியல் கதை எழுதினது ஆலிஸ் ஷெல்டன்ங்கற பெண்மணின்னு பத்து வருஷத்துக்குப் பக்கமா யாருக்கும் தெரியாது, அந்த எழுத்து ஆம்பளை எழுத்துதான்னு பெரிய எழுத்தாளர் ஒருத்தரே முன்னுரைல அடிச்சு எழுதியிருந்தார். அவங்களுக்கு அந்தப் பேர் வெறும் விளையாட்டு இல்ல, எழுதறதுக்கே அதுதான் இடம் குடுத்துச்சு. உயிரோட இருக்கறவங்க விஷயத்துல பதிவேடு, நீதிமன்ற ஆவணம் இதையெல்லாம் நேரா எடுத்து எழுதக்கூடாதுன்னு விதியும் தெளிவாவே இருக்கு.

கேள்வி: கதைச்சுருக்கம் எழுதும்போது முடிவைச் சொல்லலாமா? திகில் கதைக்கு முடிவுதானே உயிர்.

பதில்: சொல்லணும். கலைக்களஞ்சியத்துல ஸ்பாய்லர் எச்சரிக்கை கிடையாது, முடிவை மறைச்சு "பிறகு என்ன ஆச்சு?"ன்னு நிறுத்தறது புத்தகத்தோட பின்னட்டைக்குச் சரி. ஒரு நாவலுக்கு 400ல இருந்து 700 வார்த்தைக்குள்ள முடிச்சுடுங்க, அத்தியாயம் அத்தியாயமா போகாதீங்க.

இதை விட நான் கவலைப்படறது வேற ரெண்டு விஷயம். ஒண்ணு, கதைக்குள்ள இருக்கறதை நிஜம் மாதிரி எழுதறது. நெக்ரோனாமிக்கான்ங்கற புத்தகம் லவ்கிராஃப்ட் கற்பனைல உருவாக்கினது, அதுக்கு 1927ல ஒரு பொய் வரலாறையும் அவரே எழுதி வச்சார், அதை நிஜம்னு நம்பித் தேடினவங்க ஏராளம், 1977ல அந்தப் பேர்லயே ஒரு புத்தகமும் வந்து குழப்பத்தைக் கூட்டுச்சு. அதனால ஒவ்வொரு தடவையும் "கதைப்படி", "நாவல்ல வர்ற"ன்னு ஒரு வார்த்தை சேருங்க. ரெண்டாவது, எந்தப் பதிப்பைப் படிச்சு எழுதறீங்கன்னு சொல்றது. மேரி ஷெல்லியோட ஃப்ராங்கன்ஸ்டைன் 1818ல ஆசிரியர் பேரே இல்லாம வந்துச்சு, 1831ல அவங்களே நிறைய மாத்தித் திருத்தின பதிப்பு வந்துச்சு. முதல் பதிப்புல எலிசபெத் விக்டருக்கு அத்தை மகள், 1831ல அவ ஒரு ஏழைக் குடும்பத்துக்கிட்ட இருந்து எடுத்து வளர்த்த அநாதைப் பொண்ணு. ரெண்டு பேர் ரெண்டு பதிப்பைப் படிச்சுட்டு ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் மாத்திக்கிட்டே இருப்பாங்க, ரெண்டு பேருமே சரி.

கேள்வி: எழுத்தாளரோட போட்டோ கூகுள்ல நிறைய இருக்கு, எடுத்துப் போடலாமா?

பதில்: கூடாது. போட்டோவோட உரிமை பெரும்பாலும் எடுத்தவருக்குத்தான், அதுல இருக்கறவருக்குக் கூட இல்ல. நீங்களே ஒரு விழால எடுத்த படம் இருந்தா விக்கியோட படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்துல, யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம்ங்கற கட்டற்ற உரிமத்துல ஏத்துங்க. புத்தக அட்டைக்கும் இதே கட்டுப்பாடுதான், பொதுவகத்துல ஏத்தாதீங்க.

கேள்வி: என் சித்தப்பா நாற்பது வருஷத்துக்கு மேல திகில் கதையும் அறிவியல் கதையும் எழுதினார். போன வருஷம் தவறிட்டார். அவருக்கு ஒரு விக்கிப் பக்கம் கூட இல்லன்னு நினைச்சா மனசு கனக்குது. நான் எழுதலாமா?

பதில்: உங்க வருத்தம் புரியுதும்மா. நேராச் சொல்றேன், நீங்க எழுதக்கூடாதுன்னு தடை இல்ல, ஆனா சொந்தக்காரங்க எழுதறதை எல்லாரும் ரொம்ப உன்னிப்பாப் பார்ப்பாங்க, அது தப்பும் இல்ல. முதல்ல உங்க பயனர் பக்கத்துல அவர் எனக்குச் சித்தப்பான்னு வெளிப்படையா எழுதிடுங்க. அப்புறம் நேரா பக்கத்தை உருவாக்காம ஒரு வரைவா எழுதி, சம்பந்தமில்லாத ஒருத்தரைப் பார்க்கச் சொல்லுங்க.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. அவர் எத்தனை கதை எழுதினார்ங்கறதை அங்க பார்க்க மாட்டாங்க, அவரைப் பத்தி மத்தவங்க எத்தனை எழுதியிருக்காங்கன்னுதான் பார்ப்பாங்க. குறிப்பிடத்தக்கமைன்னு சொல்றது அதைத்தான். அவர் அலமாரியைத் திறந்து பழைய மதிப்புரை, பேட்டி, யாராவது அவர் கதைகளைப் பத்தி எழுதின கட்டுரை, தொகுப்பு நூல்கள்ல அவரைப் பத்தின அறிமுகம், இரங்கல் குறிப்பு எல்லாத்தையும் சேருங்க. அவரோட பதிப்பாளர் எழுதினது கணக்குல வராது, அவர் தானே எழுதின முன்னுரையும் வராது. வெளி ஆள் விரிவா எழுதினது மூணு நாலு கிடைச்சா பக்கம் நிக்கும். கிடைக்கலன்னா அவசரப்பட்டு எழுதி அதை நீக்கறதுக்கு ஒரு வாரம் விவாதம் நடந்து, அதுல முகம் தெரியாதவங்க இவர் முக்கியமானவர் இல்லன்னு எழுதறதைப் படிக்கற நிலைமை உங்களுக்கு வரக்கூடாது. அவங்க சொல்றது சான்று போதலங்கறதைத்தான், உங்க சித்தப்பாவோட எழுத்தைப் பத்தி இல்ல, ஆனா துக்கத்துல இருக்கறப்ப அது அப்படிக் கேக்காது. அதுக்குப் பதிலா இப்போதைக்கு அவர் கதைகளோட முழுப் பட்டியலை, எந்த இதழ், எந்த மாசம்னு தயார் பண்ணுங்க. அது உங்களால மட்டும்தான் முடியும், பின்னாடி அவரைப் பத்தி எழுத வர்றவருக்கு அதுதான் அஸ்திவாரம்.

கேள்வி: ஒரு எழுத்தாளரோட இனவெறிக் கருத்துகளைப் பத்தி அவர் பக்கத்துல சேர்த்தேன், ரசிகர் ஒருத்தர் அழிச்சுக்கிட்டே இருக்கார். கதையைப் பத்தி மட்டும் எழுதுங்கறார்.

பதில்: அது யாருன்னு இங்க சொல்ல வேண்டாம், உதாரணத்துக்கு மறுபடி லவ்கிராஃப்டையே எடுத்துக்கலாம். அவரோட இனவெறி அவர் கடிதங்கள்ல இருக்கு, கதைகள்லயும் இருக்கு, ஆராய்ச்சியாளர்கள் விரிவா எழுதியிருக்காங்க. உலக ஃபேன்டசி விருதுக்கு 1975ல இருந்து அவரோட தலைச் சிற்பத்தைத்தான் குடுத்துட்டு இருந்தாங்க, இந்தக் காரணத்தால எதிர்ப்பு வந்து 2015ல அதை நிறுத்தறதா அறிவிச்சாங்க. இது அவரோட வாழ்க்கை வரலாறுல ஒரு பகுதி, இதை விட்டா பக்கம் முழுமையில்ல. நடுநிலைன்னா ரெண்டு பக்கமும் சமமா பாதிப் பாதி எழுதறதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல, நல்ல நூல்கள் எந்த விஷயத்துக்கு எவ்வளவு இடம் குடுத்திருக்கோ அந்த அளவுக்கு நாமளும் குடுக்கறதுதான். அதனால அழிக்கறதும் தப்பு, பக்கம் முழுக்க அதுவாவே நிரப்பறதும் தப்பு.

நீங்க சேர்த்ததைப் பார்த்தேன், உங்க எழுத்தாளரோட கடிதங்கள்ல இருந்து நேரா ஏழு மேற்கோள் எடுத்து வரிசையா வச்சிருக்கீங்க. அதுல எந்த ஏழு மேற்கோளை எடுக்கறதுன்னு முடிவு பண்ணினது நீங்க, அந்த ரசிகரோட கோவத்துல நியாயம் இருக்கற இடம் அது ஒண்ணுதான். அதை எடுத்துட்டு, வாழ்க்கை வரலாறு எழுதினவங்க என்ன சொல்றாங்கன்னு ரெண்டு பத்தில எழுதுங்க. அப்புறமும் அழிச்சா நீங்க மீளமைக்காதீங்க, உரையாடல் பக்கத்துல எழுதிட்டு மூணாவது ஆளைக் கூப்பிடுங்க, தமிழ் விக்கின்னா ஆலமரத்தடிங்கற பொதுப் பேச்சுப் பக்கத்துல கேக்கலாம்.

கேள்வி: சாட்பாட்ல கேட்டு எழுதினா என்ன?

பதில்: வேண்டாம், அதுவும் இந்த மாதிரி எழுத்தாளர்களுக்கு சுத்தமா வேண்டாம். இல்லாத கதைக்குத் தலைப்பு, வராத இதழுக்கு மாசம், பக்க எண் எல்லாம் அது நம்பற மாதிரியே குடுக்கும். நீங்க அதை விக்கில போட்டா அங்க இருந்து பத்து இணையதளம் எடுக்கும், அப்புறம் அந்தப் பத்தையும் சான்றுன்னு யாராவது திரும்ப விக்கிலயே வைப்பாங்க. மேல சொன்ன அந்தக் கருப்பு மந்திர மேற்கோளுக்கு நடந்ததுதான், ஆனா இப்ப ஒரே நாள்ல நடந்துடும். ஆங்கிலப் பக்கத்தை நீங்களே மொழிபெயர்த்து எழுதறது நல்ல வழி, அது அனுமதிச்சதுதான், எந்தப் பக்கத்துல இருந்து எடுத்ததுன்னு தொகுப்புச் சுருக்கத்துல குறிப்பிடணும், அங்க இருக்கற சான்றுகளையும் ஒவ்வொண்ணா திறந்து பார்த்துட்டு சேருங்க.

கேள்வி: எனக்கு வயசு 67. கம்ப்யூட்டர் அவ்வளவாப் பழக்கமில்ல. ஆனா என்கிட்ட பழைய அறிவியல் புனைகதை, திகில் இதழ்கள் ரெண்டு பெட்டி நிறைய இருக்கு. இதனால யாருக்காவது பிரயோஜனம் உண்டா?

பதில்: ஐயா, இந்த இதழுக்கு வந்த கடிதங்கள்லயே உங்களோடதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். சான்று இணையத்துலதான் இருக்கணும்னு விக்கில எந்த விதியும் இல்ல. அச்சுல வந்த இதழ், அதோட பேர், மாசம், வருஷம், பக்க எண் குடுத்தா போதும். மத்தவங்க மாசக்கணக்கா தேடற விஷயம் உங்க பெட்டிக்குள்ள இருக்கலாம்.

தொகுக்கறதை நீங்களே கத்துக்க வேண்டிய அவசியம் கூட இல்ல, கத்துக்கிட்டா சந்தோஷம், இல்லன்னா வீட்டுல யாராவது சின்னவங்க பக்கத்துல உக்காரட்டும். நீங்க பண்ண வேண்டியது, ஒரு நோட்டுல ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி அட்டைல இருக்கற மாசம், வருஷம், பொருளடக்கம், கதையோட தலைப்பு, அச்சான ஆசிரியர் பேர், ஆரம்பிக்கற பக்கம், முடியற பக்கம் எழுதறது. பேரை அச்சுல இருக்கற மாதிரியே எழுதுங்க, இது இன்னாரோட புனைபெயர்னு உங்களுக்குத் தெரிஞ்சாலும் தனியா ஓரத்துல குறிச்சு வைங்க. கதைகளோட நிறுத்திடாதீங்க. ஆசிரியர் குறிப்பு, அடுத்த இதழ் அறிவிப்பு, வாசகர் கடிதம் எல்லாத்தையும் பாருங்க. 1926 ஏப்ரல் இதழோட அமேசிங் ஸ்டோரிஸை ஆரம்பிச்ச ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் வாசகர் கடிதங்களை முகவரியோட போட்டதாலதான் படிக்கறவங்க ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்சு பேச ஆரம்பிச்சாங்க, அப்படிக் கடிதம் போட்ட பசங்கள்ல சிலர் பின்னாடி எழுத்தாளர் ஆனாங்க. உங்க இதழ்கள்லயும் அப்படி ஒரு கடிதம் இருக்கலாம்.

தாள் உடையற நிலைமைல இருந்தா முழுசா விரிக்காதீங்க, அமிலம் ஏறின தாள் மடிப்புலதான் முதல்ல போகும், பாதி திறந்து வச்சு போன்ல படம் எடுத்துக்கோங்க, அந்தப் படம் உங்க குறிப்புக்கு மட்டும், எங்கயும் ஏத்தறதுக்கு இல்ல. முதல் பெட்டியைத் திறந்ததும் எழுத்தாளர் பேட்டி இருக்கற இதழ்களைத் தனியா எடுத்து வச்சுட்டு, எத்தனை கிடைச்சுதுன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க.